இட்லிப் பானைக்குள் ஒரு மணி நேரம்

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறேன். ஆர்கன்சா மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பழைய குளியல் மாளிகைகள் உண்டாமே? வெந்நீருக்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பதில்: வெந்நீருக்கு மகன் வீட்டுக் குழாயே போதும். அந்த ஊர் ஊற்றுநீரோ சுமார் 4,400 வருஷத்துக்கு முன் பெய்த மழை சார்! பூமிக்குள் இறங்கி, சூடேறி, 62 டிகிரி செல்சியஸில் மேலே வருகிறது. பயப்படாதீர்கள், ஆறவைத்துத்தான் இறக்குவார்கள்.

வரிசையாக எட்டு மாளிகைகள். எட்டிலும் முங்கலாம் என்று துண்டோடு கிளம்பிவிடாதீர்கள். ஒன்று கடை, ஒன்று ஹோட்டல். சுப்பீரியர் என்ற மாளிகையில் அதே ஊற்றுநீரில் பீர் காய்ச்சுகிறார்கள் (இதை மட்டும் மகனே சொல்லிவிடுவான்).

1912-இல் திறந்த பக்ஸ்டாஃப் மாளிகையின் பழைய பாணிக் குளியல்தான் விசேஷம். ஊறவைத்து, நாரால் தேய்த்து, ஆவிப் பெட்டிக்குள் உட்கார்த்தி மூடுவார்கள். கழுத்துக்கு மேல் வெளியே; இட்லியாகாமல் தப்புவது தலை ஒன்றுதான்.

1915-இல் கட்டிய ஃபோர்டைஸ் மாளிகை இப்போது மியூசியம். ஆண்கள் கூடத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாடி உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஏறுங்கள். அங்கே நம்ம ஊர் கர்லாக்கட்டை இருக்கும். சுற்றிக் காட்டுகிறேன் என்று கை நீட்டிவிடாதீர்கள்!