மூன்று மணி நேரக் கல்யாணம்

சேலம், நாமக்கல் வீடுகளில் பீரோவுக்குள் நகைக்கு அடுத்தபடி பத்திரமாக இருப்பது கல்யாண கேசட். போட்டுப் பார்க்கத்தான் டெக் இல்லை. கடைசிவரை தாக்குப்பிடித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பேரன் எங்கிருந்தோ பழைய டெக் ஒன்றைப் பிடித்து வந்து கணினியில் இணைத்து, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளின் கட்டளையைத் தட்டுகிறான். ஒரே வரிதான். ஆனால் கணினி எவ்வளவு வேகமானாலும், மூன்று மணி நேர கேசட் பதிவாக மூன்று மணி நேரம் ஆகும். நொடிக்கு 25 பிரேம், தள்ளுபடி கிடையாது. அசையும் உருவங்களின் ஓரத்தில் தெரியும் கோடுகளைப் போக்க ‘யாடிஃப்’ வடிகட்டி உண்டு. மணமக்களை இதயத்துக்குள் அடைத்துச் சுழலவிட்ட ஸ்டூடியோக்காரரின் கலையைப் போக்கத்தான் வடிகட்டி இல்லை. மொய்க் காட்சி வந்ததும் பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார்: “கண்ணு, அங்கயே நிறுத்து. அந்தக் கவரு யாருது?”