பூச்சிகளோடு ஓர் ஆயுள்

கேள்வி: பூச்சிகளைப் பார்த்தே ஆயுளைக் கழித்த ஃபாபரால் மனிதனுக்கு என்ன பிரயோஜனம்?

பதில்: பிரான்ஸ் தேசத்திலே 1823-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, உபாத்தியாயராக நெடுநாள் ஜீவனம் நடத்தி, 1879-இல் ஸெரின்யான் கிராமத்தில் கல்லும் முள்ளும் மண்டிய தரிசு நிலமொன்றை வாங்கிய அம்மகான், பயிருக்கு உதவாத அந்தப் பூமியிலிருந்து, பத்துப் பாகங்களாக விரிந்த தம் மகத்தான நூலின் பெரும்பகுதியை விளைவித்தார். டார்வினின் பரிணாமக் கொள்கையை அவர் ஏற்காதவராயினும், அவரை ஒப்பற்ற கூர்நோக்காளர் என்று டார்வினே போற்றினார். ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும் ஒருவகைக் கம்பளிப்புழுக்கள், தொட்டியின் விளிம்பில் வட்டமாக ஏறியபின், தலைவன் இன்னானென்று அறியாமலே ஏழு நாட்கள் சுற்றிச்சுற்றி வந்ததை ஃபாபர் கண்டெழுதினார். முன்னே போகிறவனை யோசியாமல் பின்பற்றுவோர் எவ்வளவு நடந்தாலும் எங்கும் போய்ச் சேரமாட்டார்கள் என்பதைக் காட்ட, இதனினும் பிரயோஜனமான பாடம் வேறுண்டோ?