நூற்றுக்கு நூறு

கேரளத்து மலையோர ஊரான விதுராவில் வீடு என்றால் மேடு. மேடு என்றால் படி. பொன்முடி மலைக்கு 22 கொண்டை ஊசி வளைவு போட்ட நாட்டுக்கு, ஊனமுற்ற முன்னாள் ராணுவ வீரர் வீட்டில் ஒரு சாய்தளம் பெரிய காரியமா? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது விதி. மூன்றடித் திண்ணைக்கு 36 அடி. பக்கத்து ரப்பர் தோட்டத்தில்தான் முடியும்!

முன்னாள் வீரர் நலனுக்கான கேந்திரிய சைனிக் வாரியம் வீடு பழுதுபார்க்க 20,000 ரூபாய் தருகிறது. வீரருக்கு ஊனம் 100 சதவீதம் இருக்க வேண்டும். ஒரு காலை மட்டும் எல்லையில் விட்டு வந்தவர் ஃபெயில். தவிர, ஏற முடியாத படி பழுதான படியா, யார் தீர்ப்பது? பணி முடிந்தபின் பாதியோ அதற்கு மேலோ ஊனமானவருக்கு மாற்றியமைத்த ஸ்கூட்டருக்கு உதவி உண்டு. அது வாசல்வரை வரும், படி ஏறாது.

அமெரிக்காவில் ஊனமுற்ற முன்னாள் வீரரின் வீட்டை மாற்றியமைக்கத் தரும் உதவிக்கு 2024 நிதியாண்டின் உச்சவரம்பு 1,17,014 டாலர்.