மீட்டர் முள்ளும் மெக்கானிக் சொல்லும்

பழைய ஜீப்பில் ஆம்பியர் மீட்டர் இருந்தது. இப்போது வாங்கிய காரில் பேட்டரி விளக்கு மட்டும்தான். மீட்டர் மாட்டலாமா? ஆம்பியரா, வோல்ட்டா?
*தென்னை விவசாயி, குருவிக்கரம்பை*

மாட்டுங்கள், வோல்ட் மீட்டராக! சிவப்பு விளக்கு எரியும்போது சார்ஜ் அனேகமாக நின்றே போயிருக்கும். முள்ளோ, சார்ஜ் குறைய ஆரம்பித்ததுமே இறங்கிக் காட்டிவிடும். நடு ரோட்டில் நிற்பதற்கும் பட்டுக்கோட்டைக் கடையில் நிறுத்துவதற்கும் அதுதான் வித்தியாசம்.

ஆம்பியர் மீட்டர் மேல் எனக்குத் தீராத ஆசை உண்டு. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டின் ஹெட்லைட் மேட்டில் குட்டியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது பிரேக் விளக்கு எரிந்தால் முள் இடப்பக்கம் சாயும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் எழுந்து நடுவுக்கு வரும். வண்டிக்கு நாடி பார்ப்பது போல இருக்கும்! எங்கே ஒரு பழைய புல்லட் நின்றாலும் நான் முதலில் குனிந்து பார்ப்பது அந்த முள்ளைத்தான்.

ஆனால் இன்றைய காருக்கு அது ஆகாது. ஸ்டார்ட்டர் இழுப்பது நீங்கலாக, பேட்டரிக்குப் போகிற, வருகிற கரன்ட் எல்லாம் அந்த மீட்டருக்குள் புகுந்துதான் போக வேண்டும். அந்தக் காலத்து டைனமோ கொடுத்தது இருபது, முப்பது ஆம்பியர். இப்போது சின்னக் காரின் ஆல்டர்னேட்டரே 70 ஆம்பியர் அளவுக்குக் கொடுக்கும். அதைத் தாங்கும் தடிமனான கேபிளை இன்ஜினிலிருந்து டேஷ்போர்டு வரை இழுத்து, ஒரு நட்டு லூசானால் போதும், சூடேறித் தீப்பிடிக்கும். வோல்ட் மீட்டருக்கு இரண்டே மெல்லிய வயர்.

வண்டி நின்று சில மணி நேரம் ஆன பிறகு 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும். ஓடும்போதே 13-க்குக் கீழ் வந்து அங்கேயே நின்றால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். 15-ஐத் தாண்டினால், மெக்கானிக்குகள் கட்-அவுட் என்கிற வோல்டேஜ் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரித் தண்ணீர் வற்றும், பல்பு போகும்.

மீட்டர் மாட்டினால் மைலேஜ் கூடுமா?
*ஆவணம் வாசகர்*

மீட்டர் அளக்கும். உழைக்காது.

லைன் எங்கிருந்து எடுப்பது? ஒருவர் பேட்டரியிலிருந்து நேராக என்கிறார்.
*வாடகைக் கார் ஓட்டுநர், சேதுபாவாசத்திரம்*

சாவி போட்டால் மட்டும் கரன்ட் வருகிற லைனில் எடுங்கள். பேட்டரியில் நேராகக் கொடுத்தால், வண்டி சும்மா நிற்கும்போதும் மீட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். வேலை தொடங்குமுன் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் பாக்ஸில் செருகி லைன் எடுக்கும் கிளிப் கடைகளில் கிடைக்கிறது. அது இருந்தால் ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

வயரை வெட்டி, முறுக்கி, மேலே டேப் சுற்றுகிற வழக்கத்தை நான் மூச்சுள்ளவரை எதிர்ப்பேன்! சித்திரை வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கி இறங்கும், உள்ளே செம்பு பல்லைக் காட்டும். லக் வைத்து அழுத்துங்கள், அல்லது ஈயம் பற்றவையுங்கள்.

உங்கள் ஊரில் இன்னொன்று முக்கியம். எர்த் கொடுக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு லக்கை முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துவிடும். பிறகு முள் கிடுகிடுவென்று ஆடும். ஆல்டர்னேட்டரைக் குற்றம் சொல்லிக் கழற்றிப்போடுவார்கள். பாவம், அதற்கு ஒன்றும் இருக்காது.

நீலகண்டப் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை போடும்போது மீட்டருக்கும் பொட்டு வைக்கலாமா?
*இல்லத்தரசி, பேராவூரணி*

தாராளமாக, ஆனால் விளிம்பில். கண்ணாடி நடுவே வைத்தால் முள் எங்கே நிற்கிறது என்று பிள்ளையாருக்குத்தான் தெரியும்.

என் காரில் இன்ஜின் சூடு காட்டும் முள்ளே இல்லை. அதற்கும் மீட்டர் மாட்டவா?
*கல்லூரி மாணவர், ஒட்டங்காடு*

2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் சின்ன அடாப்டரைச் செருகினால் சூடு, வோல்ட் எல்லாம் செல்போனிலேயே தெரியும்.

கஜா புயலின்போது கார் பேட்டரியில்தான் போன் சார்ஜ் போட்டோம். இரண்டாம் நாள் வண்டியே ஸ்டார்ட் ஆகவில்லை. மீட்டர் இருந்திருந்தால் தெரிந்திருக்குமா?
*ஆசிரியை, பெருமகளூர்*

தெரிந்திருக்கும், அம்மா. 2018 நவம்பர் 16 விடியலில் அடித்த அந்தக் காற்று தென்னையையும் மின்கம்பத்தையும் ஒன்றாகச் சாய்த்தது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த பிள்ளைகளுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று சொல்ல அன்று போன்தான் இருந்தது. அதற்குக் கார் பேட்டரியைப் பயன்படுத்தியதில் தப்பே இல்லை.

பேட்டரியை இறக்கியது போன் அல்ல என்றே நினைக்கிறேன். 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 420 வாட்-மணி இருக்கும். ஒரு போன் நிறைய 15 வாட்-மணி அளவு போதும். சார்ஜருக்காகச் சாவியை ஆன் செய்தே வைத்திருந்தால், இன்ஜினைச் சேர்ந்த மற்றதெல்லாம் கூடவே கரன்ட் இழுக்கும். அதுதான் பேட்டரியைத் தின்றிருக்கும். சாவியை முதல் நிலையில் மட்டும் வையுங்கள். 12.2 வந்ததும் போன் சார்ஜை நிறுத்தி, இன்ஜினை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வெட்டவெளியில்தான்! மூடிய கொட்டகையில் ஓடவிட்டால் புகை உயிரை எடுத்துவிடும். அடுத்த ஐப்பசிக்கு முன் அந்த மீட்டரை மாட்டிவிடுங்கள்.

அறுவடை முடிந்தால் எலி வந்து வயரைக் கடிக்கிறது.
*நெல் விவசாயி, பின்னவாசல்*

பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்குங்கள். எலிக்குத் திறந்த இடம் பிடிக்காது.

புதுக் காரில் மீட்டர் ஒருமுறை 12.8, ஒருமுறை 14.5 காட்டுகிறது. கெட்ட மீட்டரா?
*திருச்சிற்றம்பலம் வாசகர்*

கெட்டிக்காரக் கார். இப்போதைய பல கார்களில், வேகமெடுக்கும்போது கம்ப்யூட்டர் சார்ஜைக் குறைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஏற்றும். டீசல், பெட்ரோல் மிச்சம் பிடிக்கத்தான். சந்தேகமிருந்தால் பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

"இத்துணூண்டு மீட்டருக்கு ஃபியூஸ் எதற்கு?" என்கிறார் எங்கள் எலக்ட்ரீஷியன்.
*ரெட்டவயல் வாசகர்*

மீட்டர்தான் இத்துணூண்டு, பேட்டரி இல்லை. வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், மெல்லிய வயர் நொடியில் சிவக்கும். லைன் எடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் போடச் சொல்லுங்கள். இன்ஜின் பக்கமிருந்து வயர் வந்தால், தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ்ஷும் வேண்டும். இரண்டையும் நீங்களே வாங்கிக் கையில் கொடுங்கள். அப்புறம் பக்கத்திலேயே நில்லுங்கள், அவர் மாட்டி முடிக்கும்வரை!