இன்றைக்கு என்ன குழம்பு?

கே: ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு போன்கூட வரவில்லையே?
- வாசகி, மந்தைவெளி

ப: பசியோடு இருப்பவர் மந்திரமா கேட்கிறார், அம்மா? இன்றைக்கு என்ன குழம்பு என்றுதான் கேட்கிறார். மார்கழியில் சபா கேன்டீன் வாசலைப் பாருங்கள்: கரும்பலகையில் சாக்பீஸால் அன்றைய அயிட்டங்கள், அவ்வளவுதான். கச்சேரிக்கு அவசரமாகப் போகிறவரும் நின்று படிக்கிறார்.

1893-இல் அமிர்தாஞ்சன் தைலத்தை அறிமுகப்படுத்திய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், அதை இசைக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார். ஆளை அறிந்து போனவர்!

உங்கள் ஆள் யார்? பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்களா? ‘உப்பு, காரம் குறைவு. பதினொன்றரைக்குள் மாடிக்கே வந்து தருவோம்’ என்று எழுதுங்கள். போன் நம்பரைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள்.