சூட்சும மக்கு

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த வாத்தியார், திட்டுவதையும் இங்கிலீஷிலேயே செய்வார். மக்கு, மண்டு, மரமண்டை எல்லாம் தமிழ் வாத்தியாரின் சரக்கு. இவருடையது ‘டன்ஸ்’.

ஒரு நாள் கேட்டுவிட்டேன்: “நைஃபுக்கு முன்னாடி ‘கே’ எதுக்கு சார்? வாயே திறக்காத எழுத்தை எதுக்கு நிக்க வைக்கணும்?”

“டன்ஸ்! ஏறுடா பெஞ்சு மேல!”

மீதிப் பீரியட் முழுக்க நானும் அந்த ‘கே’ மாதிரியே சத்தமில்லாமல் நின்றேன்.

வெகுகாலம் கழித்து அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, டன்ஸ் என்பது ஸ்காட்லாந்தில் ஓர் ஊர் என்று. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்தவர் ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ். பிரான்சிஸ்கன் துறவி, ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் பாடம் சொன்னவர். ஒரே மாதிரி இரண்டு கல் கிடந்தால், இந்தக் கல்லை ‘இந்தக் கல்’லாக ஆக்குவது எது என்று ஆராய்கிற ஆசாமி. ‘சூட்சும ஆசான்’ என்றே அவருக்கு விருதுப் பெயர். இவரை என் வாத்தியாரிடம் படிக்க விட்டிருந்தால் பெஞ்சை விட்டு இறங்கியே இருக்க மாட்டார். 1308-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார்.

சீடர் பரம்பரை இருநூறு வருஷம் ஓஹோ என்றிருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியம் கற்ற புதுப் படிப்பாளிகள் கிளம்பினார்கள். டன்ஸ்காரர்களோ விட்டுக்கொடுக்கவில்லை, எதற்கெடுத்தாலும் வாதம். பதில் சொல்லி மாளாதவர்கள் கடைசியில் அந்தப் பெயரையே வசவாக்கிவிட்டார்கள். ‘டன்ஸ்’ என்றால் மக்கு. மக்குப் பையன்களுக்கு மாட்டிவிடும் கூம்புத் தொப்பியெல்லாம் பிற்பாடு வந்த அலங்காரம்.

1535-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்கள் ஆக்ஸ்ஃபோர்டில் புகுந்து டன்ஸின் பாடத்தை விரட்டினார்கள். நியூ காலேஜ் முற்றம் முழுக்க டன்ஸின் ஏடுகள் காற்றில் பறந்ததாக அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் லேட்டன் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு கனவான் மட்டும் குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். படிப்பதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். வேட்டை மான்கள் காட்டைவிட்டு ஓடாமல் மிரட்டி வைப்பதற்கு!

1993-இல் போப் இரண்டாம் ஜான் பால் டன்ஸை அருளாளராக உயர்த்தினார். இறந்து 685 வருஷம். எனக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

ஆறாம் வகுப்பில் நான் எழுதிய இங்கிலீஷ் விடைத்தாளும் ஒரு நாள் என் கைக்கே திரும்பி வந்தது, பள்ளிக்கூட வாசல் கடலைக்காரரிடமிருந்து பொட்டலமாக. சிவப்பு மையில் 8 மார்க் பளிச்சென்று தெரிந்தது. அவமானத்தில் கண் கலங்கினாலும் பொட்டலத்தைக் கீழே போடவில்லை. டன்ஸின் ஏட்டைப் பார்த்து மான்கள் மிரண்டனவோ என்னவோ, என் தாளில் கடலை சூடு ஆறாமல் இருந்தது.