கரண்ட் இல்லாத இடி

கேள்வி: ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், வெறும் அகூஸ்டிக் கிடாரில் மெட்டல் வாசித்தால் எடுபடுமா?

பதில்: பேஷாக எடுபடும்! ரோட்ரிகோ - கேப்ரியேலா ஜோடியைக் கேளுங்கள். மெக்சிகோ நகரில் த்ராஷ் மெட்டல் குழுவில் இருந்தவர்கள். 1999-இல் டப்ளினுக்குப் போய், தெருவில் நைலான் தந்தி கிடார் வாசித்தார்கள். 2006-இல் வந்த அவர்களது ஆல்பம் அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது. அதில் மெட்டாலிகாவின் ‘ஓரியன்’ உண்டு, டிரம்ஸ் கிடையாது. கிடாரின் உடம்பிலேயே கேப்ரியேலா தாளம் தட்டிவிடுவார்.

நீங்களும் பிரிட்ஜ் ஓரம் உள்ளங்கை விளிம்பை வைத்துத் தந்தியை லேசாக அமுக்கி, பிக்கைக் கீழ்நோக்கியே அடித்துப் பாருங்கள். எலக்ட்ரிக் கிடார்போல் சுரம் நீளாது. அந்த இடைவெளியை வேகமான அடிகளால் நிரப்புங்கள். ஆவேசம் மின்வாரியம் தருவதல்ல, மணிக்கட்டு தருவது!